உந்த வயலினைக் கொஞ்சம் நிப்பாட்டுங்கோ

எங்கட மாதாந்தத் திரையிடல் ஒன்றில் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறோம். ரியூசன் கொட்டில் ஒன்றைக் கேட்டு வாங்கி, சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, இரவல் புரொஜெக்ரரில் பெரிய ஹீரோ ஒருவரின் படம் போட்டோம். படத்தின் பெயர் வேண்டாம். அவருடைய ரசிகர்கள் எங்களுக்குள்ளேயே நாலு பேர் இருக்கினம். அஞ்சு ஸ்பீக்கர் உள்ள செற். வயர் மாறிக் கொழுவினதோ என்னவோ, நடுவில் இருந்த ஒரு ஸ்பீக்கர் மட்டும்தான் வேலை செய்தது. இந்த மாதிரிப் படங்களில் ஆட்கள் கதைக்கிற சத்தம் பெரும்பாலும் அந்த நடு ஸ்பீக்கருக்குத்தான் வரும். இசையின் பெரும்பகுதி மற்ற ஸ்பீக்கர்களுக்குப் பிரிந்து போகும். ஆகவே அன்று ஆட்கள் கதைத்தது கேட்டது, பின்னணி இசை கிட்டத்தட்டக் காணாமல் போய்விட்டது.

ஹீரோ அறிமுகமாகும் காட்சி வந்தது. முதலில் சப்பாத்து. பிறகு கை. பிறகு முதுகு. பிறகு ஸ்லோமோஷனில் நடை. கொட்டிலின் தகரக் கூரையில் மாங்கொப்பு உரசுகிற சத்தம் எங்களுக்குக் கேட்கிறது. ஹீரோ இன்னும் நடக்கிறார். யாரோ இருமினார்கள். ஹீரோ இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறார். பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி கேட்டான்: "அண்ணைக்குக் கால் நோகுதோ?" கொட்டிலே சிரிச்சு விழுந்தது.

அடுத்த நாள் வயரைச் சரியாக்கி, சோதிப்பதற்காக அதே காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். அதே சப்பாத்து, அதே முதுகு, அதே நடை. இந்தமுறை தகரம் அதிர்ந்தது. எங்களுக்கு மயிர் கூச்செறிந்தது. கால் நோகுதோ என்று கேட்ட அதே தம்பி இரண்டு விரலை வாய்க்குள் வைத்து விசில் அடித்தான்.

முதல் நாள் சிரித்தது சரியோ, அடுத்த நாள் விசில் அடித்தது சரியோ? இந்தக் கேள்வியை நாங்கள் கனநாள் கதைத்தோம். எங்கட முடிவு இதுதான்: பின்னணி இசை ஒரு அபிப்பிராயம். "இவர் பெரிய ஆள்", "இவள் பாவம்", "இவனை நம்பாதே" என்று அது எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஒரு டயலொக் பிழையென்றால் சண்டை பிடிப்போம். கதை பிழையென்றால் இங்கே நாலு பக்கத்துக்கு எழுதுவோம். இசையோடு மட்டும் நாங்கள் வாதாடுவதில்லை. ஏனென்றால் அதை இன்னொருவர் சொல்கிற அபிப்பிராயமாக எங்கட காது எடுப்பதில்லை. அது எங்கட நெஞ்சுக்குள்ளேயிருந்து வருகிற உணர்ச்சி என்றே நினைத்துவிடுகிறோம்.

இது எங்கட கற்பனை இல்லை. 1944-ல் ஹைடர், சிமெல் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சின்ன அசைபடம் செய்தார்கள். ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு வட்டம், கதவு திறந்து மூடுகிற ஒரு பெட்டி. அவ்வளவுதான். பார்த்தவர்களில் பெரும்பாலானோர் அதையே ஒரு கதையாகச் சொன்னார்கள்: பெரியவன் சண்டைக்காரன், சின்னவன் வீரன், வட்டம் பயந்த பிள்ளை. பின்னர் 1988-ல் மார்ஷல், கோஹென் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதே படத்துக்கு வேறு வேறு இசையைப் போட்டுக் காட்டினார்கள். இசை மாற, அந்த வடிவங்கள் எவ்வளவு துடிப்பானவை என்று பார்த்தவர்கள் போட்ட கணக்கும் மாறியது. கண்ணும் மூக்கும் இல்லாத முக்கோணத்துக்கே இசையால் குணம் ஏற்ற முடியுமென்றால், மேக்கப் போட்டு, கண்ணாடி போட்டு, சிகரெட் பத்தவைத்து நிற்கிற ஒரு மனிசனுக்கு ஏற்றுவது எவ்வளவு சுகம் என்று யோசித்துப் பாருங்கோ.

இந்த வியாபாரமும் புதிதில்லை. ஊமைப்படக் காலத்தில் தியேட்டருக்குள் பியானோ வாசிப்பவர்களுக்காக 1924-ல் எர்னோ ராப்பே என்பவர் ஒரு தடித்த புத்தகம் போட்டார். 52 மனநிலைகளும் சந்தர்ப்பங்களும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வாசிக்க வேண்டிய துண்டுகள் அதில் இருந்தன. திரையில் சோகம் வந்தால் சோகத்துக்குரிய பக்கத்தைப் புரட்டு. சண்டை வந்தால் சண்டைக்குரிய பக்கம். நூறு வருசம் கழித்து எங்கட பெடியள் யூரியூப்பில் "கொப்பிரைட் இல்லாத சோக இசை" என்று தேடி எடுக்கிறதும் அதே புத்தகத்தைப் புரட்டுகிற வேலைதான். ஒரு வித்தியாசம் உண்டு. அந்தப் பியானோக்காரர் திரையைப் பார்த்துக்கொண்டு வாசித்தார். டவுண்லோட் செய்த இசை எதையும் பார்ப்பதில்லை.

இசை சொல்கிற அபிப்பிராயத்திலும் நேர்மையானது, நேர்மையில்லாதது என்று இரண்டு இருக்கிறது. ஸ்பீல்பேர்க்கின் 'ஜோஸ்' (1975) படத்தை எடுங்கோ. ஜோன் வில்லியம்ஸின் அந்த இரண்டே இரண்டு சுரம். சுறா வந்தால் அது வரும். இரண்டு பெடியள் அட்டையால் செய்த செட்டையோடு நீந்தி ஊரை ஏமாற்றுகிற இடத்தில் அது வராது. திரையில் ஆட்கள் அலறி ஓடுகிறார்கள், ஆனால் இசை பொய் சொல்ல மறுக்கிறது. இப்படி எங்கட நம்பிக்கையைச் சம்பாதித்து வைத்துவிட்டு, பிறகு ஒருநாள் இசையே இல்லாமல் சுறாவைத் தண்ணீருக்கு மேலே எழுப்பிக் காட்டுவார்கள். அந்த இடத்தில் நாங்கள் கதிரையிலிருந்து துள்ளியதற்குக் காரணம், அதுவரை இசை எங்களோடு ஒழுங்காக நடந்துகொண்டதுதான்.

எங்கட தமிழ்ப் படங்களிலும் இந்த ஒழுங்கு இருந்தது. 'பாட்ஷா'வை (1995) நாங்கள் எத்தினை தரம் பார்த்திருப்போம்! அதில் மாணிக்கம் கம்பத்தில் கட்டப்பட்டு அடி வாங்குகிறார், திருப்பி அடிக்கவில்லை. தங்கையில் கை வைக்கும்போதுதான் எழும்புகிறார். அந்தக் கட்டத்தில் தேவாவின் இசை எழும்பும்போது அதற்கு முன்னால் அரைப் படத்துக்கு அடக்கி வைத்த கோபம் இருக்கிறது. இசை அங்கே கடனை வசூலிக்கிறது. கடன் ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்தது.

இன்றைக்கு வருகிற மாஸ் படங்களில் கனக்க, கடன் கொடுக்காமலே வட்டி கேட்கின்றன. ஹீரோ கதவைத் திறந்தால் அதிர்வு. தேத்தண்ணி குடித்தால் அதிர்வு. கண்ணாடியைக் கழற்றினால் பேரதிர்வு. இவர் என்ன செய்தார், ஏன் இவருக்கு நாங்கள் பயப்பட வேண்டும் என்று திரைக்கதை எழுத வேண்டிய இடத்தில் தாளம் எழுதப்படுகிறது. இசையமைப்பாளரைக் குறை சொல்லி என்ன பயன்? அரைகுறையாகக் கட்டிய வீட்டைக் கொண்டுவந்து கொடுத்து "பெயின்ற் அடிச்சு நிமித்தி விடு தம்பி" என்றால் அவரும் அடிக்கத்தான் செய்வார்.

சத்தம் அளவு மீறுவதும் இதன் தொடர்ச்சிதான். 2024-ல் 'கங்குவா' வெளியானபோது முதல் நாளே ஆட்கள் சத்தம் தாங்க முடியவில்லை என்று முறைப்பட்டார்கள். தியேட்டர்காரரிடம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லும்படி தயாரிப்பாளருக்கே நிலைமை வந்தது. ஒஸ்கார் வாங்கிய ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டியும் அதைப் பற்றி வெளிப்படையாகக் கவலைப்பட்டார். சந்தையில் சரக்கில் நம்பிக்கை இல்லாதவன்தான் ஆகக் கூடச் சத்தம் போட்டு விற்பான் என்று எங்கட அப்பாச்சிமார் சொல்லுவினம்.

சீரியலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஆனால் கொஞ்சம் மரியாதையோடு. மாமியார் கதவைத் திறப்பா, டம். மருமகள் திரும்புவா, டம். ஒரே முகத்தை மூன்று தரம் காட்டி மூன்று தரம் டம். நாங்களும் நக்கலடித்தவர்கள்தான். ஆனால் வீட்டில் அம்மா குசினியில் தேங்காய் திருவிக்கொண்டு, ரீவியைத் திரும்பியும் பார்க்காமல், "அவளுக்கு விசயம் தெரிஞ்சு போச்சுது" என்று சொல்லும்போதுதான் எங்களுக்கு விளங்கியது. பின்னேரம் வேலையும் பார்த்துக்கொண்டு கதையும் பின்தொடர்கிற பெண்களுக்கு அந்தச் சத்தம் ஒரு உதவி. இலங்கை வானொலி நாடகம் கேட்டு வளர்ந்த காதுகள் அவை. சீரியலுக்கு எங்கட முறைப்பாடு டம் என்ற சத்தத்தில் இல்லை. யார் நல்ல மருமகள், யார் கெட்ட மருமகள் என்பதை அந்தச் சத்தம் தீர்மானித்து முடித்துவிடுகிறதே, அதில்தான். வாய் திறந்து நியாயம் கேட்கிற பெண் வந்தவுடனே வில்லி இசை ஓடத் தொடங்கினால், அவள் கேட்ட நியாயம் யாருடைய காதில் ஏறும்?

நாங்கள் இசைக்கு எதிரி இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம், பிறகு கொமெண்டில் வந்து "உங்களுக்கு ரசனை இல்லை" என்று எழுத வேண்டாம்.

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955). அப்பா கனநாள் கழித்து வீடு வருகிறார். பிள்ளைகளுக்கு வாங்கிவந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். மகள் துர்க்காவுக்கு வாங்கின சேலையையும் காட்டுகிறார். துர்க்கா செத்துப்போனது அவருக்குத் தெரியாது. சேலையை வாங்கிய தாய் உடைந்து அழுகிறாள். வாய் அழுகிறது, ஆனால் குரல் வராது. அவளுடைய ஒப்பாரிக்குப் பதிலாக ரவிசங்கரின் இசையில் ஒரு தார் ஷெனாய் உச்சத்தில் அலறுகிறது. அந்தத் தாயின் அழுகையைக் கேட்க எங்களுக்கு உரிமை இல்லை என்று ராய் கதவைச் சாத்துகிற மாதிரி அது இருக்கும்.

எங்கட மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) இன்னொன்று. அதில் ஒலிக்கிற இளையராஜாவின் இசை படத்துக்கென்று செய்ததுகூட இல்லை. 1986-ல் வந்த 'ஹவ் ரு நேம் இற்' தொகுப்பிலிருந்து எடுத்தது. பாதி கட்டின வீட்டைப் பார்க்க அந்தக் கிழவர் வருகிறார். பாகவதரின் அந்த மெலிந்த உடம்பு, பூசாத செங்கல் சுவர், கீழே அந்த வயலின். "அழு" என்று அது எங்களுக்குக் கட்டளை போடவில்லை. கிழவரோடு கூடவே மெல்ல நடக்கிறது. நடுத்தரக் குடும்பம் ஒன்று ஒரு வீட்டைக் கட்டி முடிக்கப் படுகிற பாட்டை அதுவரை ஒவ்வொரு ரூபாயாக எங்களுக்குக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே அந்த இடத்தில் இசைக்கு உரிமை இருக்கிறது.

இவ்வளவும் சினிமா. எங்களைக் கோபப்படுத்தி இந்தக் கட்டுரையை எழுத வைத்தது சினிமா இல்லை.

கொஞ்ச வருசமாக எங்கட ஊர்களில் ஒரு வகை வீடியோ பெருகியிருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பியள். பனைமரங்களுக்கு மேலால் ட்ரோன் பறக்கும். கிடுகுக் கொட்டில் ஒன்று தெரியும். புல்லாங்குழல் தொடங்கும். ஒரு அம்மாவோ, கணவன் இல்லாத ஒரு அக்காவோ வாசலில் இருப்பா. மைக் பிடித்த தம்பி கேட்பார்: "காலமை சாப்பிட்டீங்களோ அம்மா?" அவ பதில் சொல்லத் தொடங்குவா. குரல் தளரும். அந்தக் கணத்தில் வயலின் குபீரென்று எழும்பும். கமெரா கண்ணுக்குக் கிட்டப் போகும். கடைசியில் உதவி கேட்டு ஒரு நம்பர்.

இந்த வீடியோக்களால் சிலருக்குக் கூரை கிடைத்திருக்கிறது, தையல் மெசின் கிடைத்திருக்கிறது. அதை நாங்கள் மறுக்கவில்லை. புலம்பெயர்ந்த உறவுகள் நல்ல மனசோடுதான் காசு அனுப்புகிறார்கள். ஆனால் ஒருமுறை இயர்போனைப் போட்டு, இசையை ஒதுக்கி, அந்த அம்மா சொல்வதை மட்டும் கவனமாகக் கேட்டுப் பாருங்கோ. நாங்கள் அப்படி இருந்து பல வீடியோக்களைக் கேட்டோம். அவர்கள் சொல்கிறார்கள்: நுண்கடன்காரன் கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வாறான். எங்கட காணி இன்னும் ஆமியிட்ட இருக்கு. மனிசனைக் கையளிச்சனான், இண்டைக்கும் பதில் இல்லை. கிணத்துத் தண்ணி உப்பு. அதாவது அந்த அம்மா தான் ஏன் ஏழையாக இருக்கிறா என்பதற்குக் காரணத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறா. பெயர் ஊர் சொல்லிக் குற்றம் சாட்டுகிறா. வயலின் எழும்புவது சரியாக அந்த இடத்தில்தான். குற்றச்சாட்டாக வந்த வார்த்தை எங்கட காதுக்கு வந்து சேரும்போது புலம்பலாக மாறியிருக்கிறது. பார்த்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு "பாவம்" என்று கொமெண்ட் போடுகிறார். அந்தக் கடன் கொம்பனியைப் பற்றியோ, அந்தக் காணியைப் பற்றியோ ஒருவரும் ஒரு கேள்வி கேட்பதில்லை.

இதை மற்றவர்களைப் பார்த்து விரல் நீட்டி எழுதுகிற தகுதி எங்களுக்கு இல்லை. நாங்களும் செய்தோம்.

வன்னியில் ஒரு அம்மா. மகனைத் தேடிக்கொண்டிருக்கிறவ. ஒரு பின்னேரம் முழுக்க எங்களோடு இருந்து கதைத்தா. நாங்கள் பதினொரு நிமிசத்துக்கு வெட்டினோம். "கொஞ்சம் ட்ரையாக் கிடக்கு" என்று எங்களுக்குள் ஒருவர் சொன்னார். உடனே இணையத்தில் தேடி ஒரு வயலின் துண்டு எடுத்துக் கீழே போட்டோம். எங்களுக்கே கண்ணீர் வந்தது. நல்லா வந்திட்டுது என்று நினைத்தோம். வெளியிட முதல் அவவுக்குக் காட்ட வேண்டும் என்று லப்ரொப்பைக் கொண்டுபோய் வாசலில் வைத்துப் போட்டோம். மூன்று நிமிசம் போயிருக்கும். அவ கையைக் காட்டி மறித்தா.

"தம்பியவை, உந்த வயலினைக் கொஞ்சம் நிப்பாட்டுங்கோ. நான் என்ன சொன்னனான் எண்டு கேக்கேல்லை."

சத்தம் கூடவில்லை. வயலினை மெல்லத்தான் வைத்திருந்தோம். அவவுடைய ஒவ்வொரு சொல்லும் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. அவவுக்குத்தான் கேட்கவில்லை. அவ அன்று எங்களிடம் அழவில்லை. தேதி சொன்னா. எந்த இடத்தில், எத்தினை மணிக்கு, எந்த பஸ்ஸில் ஏற்றினார்கள் என்று சொன்னா. யாரிடம் கடிதம் கொடுத்தா, யார் என்ன பதில் சொன்னார் என்று வரிசையாகச் சொன்னா. அது ஒரு சாட்சியம். நாங்கள் அதை ஒரு சோகப் பாட்டாக்கிக் கொண்டுபோய் அவவின் முன்னாலேயே வைத்தோம்.

எங்கட வீடுகளில் இருக்கிற இன்னொரு நினைவையும் இங்கே சொல்ல வேண்டும். 1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பி நடந்த நாள். எங்களில் அநேகமானோர் அப்போது பிறக்கவில்லை. அம்மாமார் சொல்லித்தான் தெரியும். மழை. அடுத்த அடி வைக்க இடமில்லாத சனம். சைக்கிள் செயின் இழுபடுகிற சத்தம். ஆட்டுக்குட்டி கத்துகிற சத்தம். பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேடுகிற ஒரு ஆம்பிளையின் குரல். இதுதான் அவர்கள் சொல்கிற ஒலிகள்.

மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) படத்தில் இடம்பெயர்வுக் காட்சி ஒன்றுக்கு ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் ஒரு பாட்டு இருக்கிறது. எம்.எஸ்.விஸ்வநாதனின் குரல் அதில் ஒலிக்கும். அந்தப் பாட்டைக் கேட்டு எங்கட வீடுகளில் பெரியவர்கள் அழுதிருக்கிறார்கள். அந்த அழுகையை நாங்கள் நக்கலடிக்க மாட்டோம். அந்த நேரம் எங்களுக்காக ஒருவர் பாடினதே பெரிய விசயம். ஆனால் இன்று எங்கட வயதுப் பெடியள் இடம்பெயர்வு என்று குறும்படம் எடுக்கும்போது அவர்களுக்கு ஞாபகம் வருவது அம்மா சொன்ன சைக்கிள் செயின் இல்லை, அந்தப் பாட்டுத்தான். சென்னையில் உருவான ஒரு இசை எங்கட நினைவின் சத்தத்தை மூடிக்கொண்டு மேலே இருக்கிறது. இது ரஹ்மானின் பிழை இல்லை. அம்மாமாரிடம் இருந்து கேட்டுப் பதியாமல் விட்ட எங்கட பிழை.

இசை இல்லாமல் செய்ய முடியாதோ? முடியும். செய்திருக்கிறார்கள். நாசிகளின் யூத இன அழிப்பைப் பற்றி குளோட் லான்ஸ்மன் எடுத்த 'ஷோவா' (1985) ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல் ஓடும் ஆவணப்படம். தப்பியவர்களும் பார்த்தவர்களும் செய்தவர்களும் கதைக்கிறார்கள். மேலே ஏற்றிய பின்னணி இசை இல்லை. ஒருவர் கதைத்துக்கொண்டிருந்து திடீரென்று நிற்கிறார். கமெரா காத்திருக்கிறது. நாங்களும் காத்திருக்கிறோம். அந்த மௌனத்தை நிரப்பிவிட ஒரு இசைக்கருவியும் வருவதில்லை. அடுத்த சொல்லை அவர் எவ்வளவு பாடுபட்டுத் தூக்குகிறார் என்று அப்போதுதான் தெரிகிறது.

கிட்டடியில் தமிழிலேயே பி.எஸ்.வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' (2024) வந்தது. முழுப் படத்துக்கும் பின்னணி இசை கிடையாது. ஓட்டோ இரைச்சல், சேவல், காற்று, பாண்டியாக வருகிற சூரியின் அடைத்துப்போன குரல். மீனா கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை. அவளை என்ன நினைக்க வேண்டும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தருவதில்லை. எங்கட கொட்டிலில் அந்தப் படத்தைப் போட்ட அன்று, அவளுக்குப் பேய் பிடித்ததா, காதலா, பிடிவாதமா என்று சனம் இரவு பத்து மணி வரை சண்டை பிடித்தது. ஸ்பீக்கர் ஒழுங்காக வேலை செய்த மாஸ் படத்துக்குப் பிறகு ஒருவரும் ஒரு சொல் கதைக்காமல் மோட்டார் சைக்கிளை ஸ்ராட் பண்ணிக்கொண்டு போனார்கள்.

"இசை இல்லாட்டி ஆரடா பாப்பினம்? வியூஸ் வராது" என்று வீடியோ செய்கிற நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையாக இருக்கலாம். அப்படியென்றால் நேர்மையாகச் சொல்லுங்கோ: அந்த அம்மாவுக்காக இசை போடவில்லை, வியூஸுக்காகப் போட்டோம் என்று. எங்களுக்கு அதில் விளக்கம் இருக்கிறது. அதற்குச் சேவை என்று பெயர் வைப்பதில்தான் பிரச்சினை.

இன்னொரு விசயம். இசைதான் வேண்டுமென்றால், எங்கட ஊரில் இல்லாத சத்தமா? பறை இருக்கிறது, உடுக்கு இருக்கிறது, கூத்துக்காரரின் மத்தளம் இருக்கிறது, கல்யாண வீடு முடிந்து தவில்காரர் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார். பின்னேரம் பாண் ஓட்டோ வரும்போது அதில் பீத்தோவனின் 'ஃபியூர் எலீஸ்' ஓடும். உலகத்துக்கு அது பியானோ இசை. இலங்கையில் அது பாண். அந்தச் சத்தம் ஒரு படத்தில் இரண்டு செக்கன் கேட்டால் போதும், இது எந்த நாடு, எத்தினை மணி, வீட்டில் யார் சில்லறை தேடுகிறார்கள் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். எங்கேயோ ஒரு கொம்பியூட்டரில் மனநிலைப் பட்டியல் பார்த்துச் செய்த வயலினுக்கு இந்தப் பலம் இல்லை.

ஆகவே நாங்கள் சில விசயங்களை எங்களுக்குள் தீர்மானித்திருக்கிறோம். உங்களையும் கேட்கிறோம்.

படம் எடுக்கிற தோழர்களே, முதல் வெட்டை இசை இல்லாமல் முடியுங்கோ. அது நிற்கவில்லையென்றால் பிழை எங்கேயோ எழுத்தில், நடிப்பில், வெட்டில் இருக்கிறது. அதைத் திருத்துங்கோ. பிறகும் இசை தேவையென்றால் பக்கத்து ஊர்க் கலைஞரைக் கூப்பிடுங்கோ. படத்தைக் காட்டுங்கோ. "அந்தப் படத்தில வந்த மாதிரி வேணும்" என்று மட்டும் சொல்லாதேயுங்கோ.

உண்மையான ஒரு ஆள் தனக்கு நடந்ததைச் சொல்கிற இடத்தில் இசையே வேண்டாம். இதில் எங்களுக்குச் சமரசம் இல்லை.

விமர்சனம் எழுதுகிறவர்களே, முதலில் நாங்கள்தான். "பிஜிஎம் தெறி" என்ற வசனத்தை நாங்களும் எத்தினையோ தரம் எழுதியிருக்கிறோம். இனிமேல் இந்தப் பக்கத்தில் அது வராது. எந்தக் காட்சியில், எதைச் சொல்ல, யாருக்காக அந்த இசை வந்தது என்று எழுதுவோம்.

பார்க்கிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. மயிர் கூச்செறிகிற அடுத்த காட்சியை ஒரு நிமிசம் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுத் திரும்பப் பாருங்கோ. அப்பவும் கூச்செறிந்தால் இயக்குநருக்குக் கை தட்டுங்கோ. "கால் நோகுதோ?" என்று கேட்கத் தோன்றினால், கூச்சப்படாமல் கேளுங்கோ.

அந்த அம்மாவின் படத்தைத் திரும்ப வெட்டினோம். வயலின் இல்லை. கோழி மேய்கிற சத்தம் இருக்கிறது. நடுவில் பாண் ஓட்டோ வருகிறது. அவ கதையை நிப்பாட்டி, அது ஒழுங்கை கடந்து போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விட்ட சொல்லிலிருந்து தொடங்குகிறா. முதல் வெட்டில் அதை இரைச்சல் என்று தூக்கி எறிந்திருந்தோம். மகனுக்கு அந்த ஓட்டோவில் வருகிற சீனிப் பணிஸ் விருப்பம் என்று கதையின் கடைசியில் அவ சொல்வதை நாங்களே அப்போதுதான் சேர்த்துக் கேட்டோம்.

அவவிடம் திரும்பவும் காட்டினோம். முழுக்கப் பார்த்தா. ஒரு தேதி பிழையாகச் சொல்லிவிட்டேன், அதைத் திருத்த வேண்டும் என்று சொன்னா. திருத்திக்கொண்டிருக்கிறோம். அவ சம்மதம் தந்திருக்கிறா. அடுத்த மாதத் திரையிடலில் இரண்டு வெட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போடப்போகிறோம். அதே கொட்டில், அதே வேட்டி. வந்து பாருங்கோ. பாத்திட்டுச் சண்டை பிடிப்பம்.